மருந்துக் கடையில் பிபி பார்ப்பது

தமிழ்நாட்டில் பலர் தங்கள் ரத்த அழுத்த அளவை முதன்முதலாக அறிந்துகொள்வது தெருமுனை மருந்துக் கடையில்தான். தலைவலி மாத்திரை வாங்கப் போனவர், “அப்படியே பிபியும் பாத்துடுங்க” என்று கையை நீட்டுகிறார். கண்ணாடிக் கவுன்ட்டரின் மேல், கத்தரித்த மாத்திரை அட்டைகளுக்கும் பில் போடும் கணினிக்கும் நடுவே, கருவி எப்போதும் தயாராக இருக்கிறது. பட்டையைச் சுற்றுகிறார்கள், மோட்டார் உறுமுகிறது, ஒரு நிமிடத்துக்குள் திரையில் எண்கள் தெரிகின்றன. டோக்கன் வாங்க வேண்டாம், அரை நாள் கூலியை இழக்க வேண்டாம், வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வந்தாலும் கடை திறந்திருக்கும். கட்டணம் வாங்காத கடைகள் உண்டு. வாங்கினாலும் சிறு தொகைதான். இந்த அளவீடு பயன்படுமா என்பதில் கருவிக்குப் பாதிப் பங்குதான். அளப்பதற்கு முன் உட்கார வைத்த ஐந்து நிமிடமும், அளந்த பின் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டும் மறு பாதி.

உயர் ரத்த அழுத்தத்துக்கு ஊர் வழக்கில் ரத்தக் கொதிப்பு என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. கொதிப்பது உடம்புக்குத் தெரியாமலா போகும் என்று தோன்றும். கோபக்காரருக்கு வரும், முகம் சிவக்கும், பிடரி கனக்கும், காது அடைக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலோருக்கு ஓர் அறிகுறியும் இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோதான் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. மருந்துக் கடையில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. கிறுகிறுப்பு, படபடப்பு, கண் இருட்டல் என்று வருபவருக்கு பிபி பார்க்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் அவர் நிம்மதியாகப் போய்விடுகிறார். அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த நாற்பத்தைந்து வயது மகனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை; ஆகவே அவருக்கு யாரும் பட்டையைச் சுற்றுவதில்லை. அளக்க வேண்டியவர் பல நேரங்களில் அவர்தான்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 21 விழுக்காட்டினருக்கும் ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, அல்லது அதற்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உலக அளவில் உயர் ரத்த அழுத்தம் உள்ள வயதுவந்தோரில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சர்வதேச உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2017 மே மாதம் 80 நாடுகளில் பொது இடங்களில் நடத்திய இலவச அளவீட்டில் 12 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் கிடைக்காத நோய் இது. தேடுவதற்கு ஊருக்கு ஊர் இருக்கும் மருந்துக் கடையைவிடக் கைக்கெட்டிய இடம் குறைவு.

திரையில் தெரியும் எண் எதைச் சொல்கிறது என்பதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண் குதிரையின் தமனிக்குள் குழாயைச் செருகி, அதோடு பொருத்திய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றதை 1733-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். மனிதருக்கு இப்படிச் செய்ய முடியாது. 1896-இல் இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் சிப்பியோனே ரிவா-ரோச்சி, மேற்கையில் காற்றுப் பட்டையைச் சுற்றி நாடி நிற்கும் வரை இறுக்கி, அந்த இறுக்கத்தைப் பாதரசக் குழாயில் படித்தார். அவருக்குக் கிடைத்தது மேல் அளவு மட்டுமே. 1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிகோலாய் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இறுக்கம் தளரும்போது தட்டும் ஒலி தொடங்கும் இடம் மேல் அளவு, ஒலி மறையும் இடம் கீழ் அளவு. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் விழும் அழுத்தம் முதல் எண். இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் நொடியில் மிஞ்சும் அழுத்தம் இரண்டாம் எண். பாதரசம் நச்சு என்பதால் மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் பாதரசக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. அலகு மட்டும் இன்னமும் மில்லிமீட்டர் பாதரசமாகவே நிற்கிறது.

கடைகளில் இருப்பவை இரண்டு வகை. கடிகார முகமும் ரப்பர் பல்பும் கொண்ட அனிராய்டு கருவி ஒன்று. அதைக் காதால் கேட்டு முள்ளைப் பார்த்துப் படிக்க வேண்டும். ஒருமுறை கீழே விழுந்தால் உள்ளிருக்கும் நுண்ணிய பாகங்கள் நகர்ந்துவிடும். முள் பூஜ்ஜியத்தில் நிற்பதாகத் தெரிந்தாலும் நடுவே தவறாகக் காட்டலாம். அவசரத்தில் படிப்பவர் எண்ணை அருகிலுள்ள பத்துக்கு உருட்டிவிடுவது உலகெங்கும் பதிவான பழக்கம். யார் போனாலும் “நூத்தி இருபது எண்பது, நார்மல்” என்று சொல்லும் கடையில் அந்த எண்ணை நம்பக் கூடாது. 118, 134, 127 என்று ஒழுங்கில்லாமல் வரும் எண்களே உண்மையாக அளந்ததன் அடையாளம்.

மற்றது மின்னணுக் கருவி. அது ஒலியைக் கேட்பதில்லை. தமனியின் துடிப்பு பட்டைக் காற்றில் எழுப்பும் அதிர்வைப் பதிந்து, அதிர்வு மிகப் பெரிதாக இருக்கும் புள்ளியிலிருந்து சராசரி அழுத்தத்தை அறிந்து, மேல் கீழ் அளவுகளைக் கணக்கிட்டுத் தருகிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சொந்தமான, வெளியே சொல்லப்படாத ஒன்று. ஆகவே விலையை மட்டும் பார்த்து வாங்கிய கருவிக்கும் முறையாகச் சரிபார்த்த கருவிக்கும் வேறுபாடு உண்டு. 2018-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தர அளவுகோல் குறைந்தது 85 பேரிடம் சோதிக்கச் சொல்கிறது. பயிற்சி பெற்றவர்கள் எடுத்த அளவிலிருந்து சராசரி விலகல் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாடி ஒழுங்கற்றுத் துடிப்பவரிடம் மின்னணுக் கருவி தடுமாறும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தாலோ பிழைக்குறி தோன்றினாலோ கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் நாடியைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு அப்படித் தற்செயலாகப் பிடிபடுவதுண்டு. பக்கவாதத்துக்கு அதுவும் பெரிய காரணம்.

கருவி நல்லதாக இருந்தும் எண் தவறாவது கவுன்ட்டரின் அமைப்பால்தான். பெரும்பாலான கடைகளில் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கிறார். வெயிலில் நடந்து வந்திருப்பார், வண்டியை அப்போதுதான் நிறுத்தியிருப்பார். முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள். அல்லது சட்டையைத் தோள் வரை சுருட்டி ஏற்றுவார்கள், அந்தச் சுருட்டலே கையை இறுக்கும். கருவி ஓடும்போது கடைக்காரர் “சர்க்கரை இருக்கா?” என்று கேட்பார், வந்தவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பேச்சு மட்டுமே மேல் அளவை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் ஏற்றிவிடும். நிரம்பிய சிறுநீர்ப்பை, கால்மேல் கால், சாய்மானமில்லாத முதுகு, அரை மணிக்குள் குடித்த காபி, புகைத்த சிகரெட் என ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும்.

கையை எங்கே வைக்கிறார்கள் என்பது இன்னும் முக்கியம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், கையை மேசை மேல் இதய மட்டத்தில் வைத்து எடுத்த அளவோடு ஒப்பிட, மடியில் வைத்தபோது மேல் அளவு சராசரியாக 3.9 மில்லிமீட்டரும், பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 மில்லிமீட்டரும் கூடுதலாக வந்தது. பட்டையின் அளவால் வரும் பிழை இதையும் மிஞ்சும். பெரும்பாலான கடைகளில் ஒரே ஒரு பட்டைதான். 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைக்கு நடுத்தரப் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு சராசரியாக 19.5 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. சிறு பட்டை தேவைப்படும் மெலிந்த கைக்கு 3.6 மில்லிமீட்டர் குறைத்துக் காட்டுகிறது. 125 உள்ள ஒருவர் 144 என்று கேட்டுக் கலங்கி வீடு திரும்ப, ஒல்லியான மூதாட்டி ஒருவர் நோயோடு “நார்மல்” என்று அனுப்பப்படுகிறார். இருவரையும் அளந்தது ஒரே பட்டை.

ஆகவே இரண்டாவது பட்டையும் சாய்மானமுள்ள ஒரு நாற்காலியும் வாங்குவதுதான் இந்தச் சேவையில் ஒரு கடைக்காரர் செய்யக்கூடிய மிக நல்ல முதலீடு. உட்கார வைத்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் விட வேண்டும். வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையைச் சுற்ற வேண்டும். முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே வரும். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் எடுத்து, தேவையானால் மூன்றாவதும் எடுத்து, பின்னிரண்டின் சராசரியைக் கொள்வது முறை. புதிதாக வருபவருக்கு இரண்டு கைகளிலும் பார்த்து, கூடுதலாக வரும் கையைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதே கையில் அளக்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் இது நடக்காது என்பது உண்மை. முற்பகல் பதினொன்று முதல் ஒரு மணி வரை என்று நேரம் ஒதுக்கினால் நடக்கும்.

முறையாக எடுத்தாலும் ஒருநாள் எண் நோயைத் தீர்மானிப்பதில்லை. மருத்துவரிடம் அமர்ந்து எடுத்த அளவு வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ரத்த அழுத்தம் என்பது இந்தியாவில் பெரும்பாலும் பின்பற்றும் எல்லை. அமெரிக்க இதய அமைப்புகள் 2017-இல் அந்த எல்லையை 130/80-க்கு இறக்கின. வீட்டில் அளந்தால் எல்லை 135/85. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அழுத்தம் ஏறி, வீட்டில் சரியாக இருப்பவர்கள் உண்டு. இதற்கு மாறாக, மருத்துவமனையில் சரியாகவும் வேலையிடத்திலும் வீட்டிலும் கூடுதலாகவும் இருப்பவர்களும் உண்டு. ஆபத்து மிகுந்தவர்கள் இவர்களே, கண்டுபிடிக்கக் கடினமானவர்களும் இவர்களே. கடையில் கூடுதலாக வந்தவரிடம் வீட்டுக் கருவி இருந்தால், ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியோடு மருத்துவரைப் பார்க்கலாம். கருவி இல்லாதவர் அதே கடைக்கு மூன்று நான்கு நாள் வந்து அளந்துகொள்ளலாம். மருந்துக் கடை பக்கத்தில் இருப்பதன் முழுப் பயன் இங்கேதான் கிடைக்கிறது.

180/120-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நடைமுறை வேறு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, வாய் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உடன் இருந்தால் 108-ஐ அழைப்பதுதான் கடைக்காரரின் ஒரே வேலை. அறிகுறி எதுவும் இல்லையென்றால் உட்கார வைத்து மறுபடி அளந்து, எண் இறங்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நிஃபெடிபின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் வழக்கம் ஒருகாலத்தில் மருத்துவமனைகளிலேயே இருந்தது. அந்தத் திடீர் இறக்கமே பக்கவாதத்தையும் மாரடைப்பையும் வரவழைத்ததால் 1990-களில் அது கைவிடப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு எல்லை இன்னும் கறாரானது. இருபது வாரத்துக்குப் பிறகு 140/90 வந்தால், கை கால் வீக்கமோ தலைவலியோ இல்லாவிட்டாலும், அன்றைக்கே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எண்ணைச் சொன்ன பிறகு நடப்பவற்றில் இரண்டு தவறுகள் அடிக்கடி காணப்படுகின்றன. “கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு” என்று அம்லோடிபின் அட்டையிலிருந்து ஐந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பது ஒன்று. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணை மருந்துகளில் ரத்த அழுத்த மாத்திரைகள் அடங்கும். அந்த எச்சரிக்கை அட்டையின் முதுகிலேயே அச்சாகியிருக்கிறது. ஐந்து நாள் மாத்திரையால் பயனும் இல்லை. மற்றது வாடிக்கையாளர் தாமே செய்வது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு அளவு 124/78 வருகிறது. “சரியாயிடுச்சு” என்று மாத்திரையை நிறுத்துகிறார். அந்த 124 மாத்திரை தந்த எண் என்பதை அந்த நொடியில் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதால் அளவீடே கெடுதலாக முடிகிறது.

மருத்துவரிடம் இல்லாத ஒரு தகவல் மருந்துக் கடையில் இருக்கிறது: அந்த வீட்டுக்கு என்னென்ன மருந்து போகிறது என்பது. மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் டைக்ளோஃபினாக் வாங்கும் அம்மாவுக்கு அழுத்தம் ஏறுவதில் வியப்பில்லை. அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குகின்றன, சில பிபி மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கின்றன. மூக்கடைப்பைத் திறக்கும் ஃபீனைல்எஃப்ரின் கலந்த சளி மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கோ உடம்பு தேறவோ என்று வாங்கும் ஸ்டீராய்டுகள், கருத்தடை மாத்திரைகள், நீரில் நுரைத்துக் கரையும் சோடியம் மிகுந்த மாத்திரைகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். இவற்றை விற்பதும் அதே கவுன்ட்டர், பிபி பார்ப்பதும் அதே கவுன்ட்டர். பில்லைப் பார்த்துக்கொண்டே அளப்பவரால் மட்டுமே இரண்டையும் இணைத்துப் பார்க்க முடியும்.

மருந்துக் கடையில் அளப்பது உயிர் காக்குமா என்ற கேள்விக்கு வெளிநாட்டு அனுபவம் தெளிவான விடை தருகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மருந்தாளுநர்கள் மருந்து எழுதும் உரிமை பெற்றவர்கள். அங்கே 248 நோயாளிகளிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தாளுநர்கள் நேரடியாகக் கவனித்த குழுவுக்கு மேல் அளவு 18.3 மில்லிமீட்டர் இறங்கியது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 11.8. லாஸ் ஏஞ்சலீஸ் ஆய்வு இன்னும் பேசப்படுவது. அங்கே 52 முடிதிருத்தும் கடைகளின் வாடிக்கையாளர்களான 319 கறுப்பின ஆண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு குழுவிடம் முடிதிருத்துபவர் வாழ்க்கைமுறை பற்றிப் பேசி, மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். மற்றக் குழுவுக்கு மருந்தாளுநரே கடைக்கு வந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்து எழுதித் தொடர்ந்து கவனித்தார். ஆறு மாதத்தில் முதல் குழுவுக்கு மேல் அளவு 9.3 மில்லிமீட்டர் குறைந்தது, இரண்டாம் குழுவுக்கு 27. முடிவுகள் 2018-இல் வெளியாயின. மேல் அளவு 10 மில்லிமீட்டர் குறைந்தாலே பக்கவாதம் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட சோதனைகளின் தொகுப்பாய்வு 2016-இல் காட்டியது. அந்தக் கணக்கில் 27 என்பது மிகப் பெரிய எண்.

இங்கிலாந்து 2021 அக்டோபரில் இதைத் தேசிய சேவைத் திட்டமாகவே தொடங்கியது. 40 வயதைத் தாண்டி, நோய் இன்னும் கண்டறியப்படாதவர்களுக்கு மருந்துக் கடையில் இலவசமாக அளக்கிறார்கள். 140/90 வந்தால் 24 மணி நேரம் தானாக அளந்துகொண்டே இருக்கும் கருவியைக் கடையிலேயே மாட்டி அனுப்புகிறார்கள். முடிவு குடும்ப மருத்துவருக்குப் போகிறது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் கடைக்கு அரசு பணம் தருகிறது. நாற்காலிக்கும் பத்து நிமிடத்துக்கும் வழி பிறந்தது அந்தப் பணத்தால்தான்.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் மருந்து வழங்குவதைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் பணியாக்கியது; 2015-இல் வந்த மருந்தியல் தொழில்முறை விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் அவர் கடமையாக்கின. மருந்து எழுதும் உரிமை அவருக்கு இல்லை. பிபி பார்ப்பதற்கு ஊதியம் தரும் ஏற்பாடும் இல்லை. பல கடைகளில் பட்டையைச் சுற்றுபவர் மருந்தாளுநராகக் கூட இல்லாமல் கடை உதவியாளராக இருக்கிறார். இந்நிலையில் ஆல்பர்ட்டாவை இங்கே அப்படியே நடத்த முடியாது. தமிழ்நாட்டுக்கு வேறொரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரைகளும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிபி மாத்திரை இலவசம். பகல் வேளையில் வீட்டில் இல்லாத ஆட்டோ ஓட்டுநர், கடை ஊழியர், கட்டடத் தொழிலாளி ஆகியோரைத்தான் வீடு தேடிப் போகிறவர்கள் சந்திப்பது கடினம். இரவு மருந்துக் கடைக்கு வருகிறவர்களும் அவர்களே. அந்தத் திட்டத்துக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இப்போது இணைப்பு எதுவும் இல்லை.

செலவில்லாத இணைப்பு ஒரு துண்டுச் சீட்டு. வாய்மொழியாகச் சொன்ன “நூத்தி அம்பது சொச்சம்” தெருமுனை தாண்டுவதற்குள் மறந்துபோகும். மருத்துவரிடம் அதைச் சொல்லியும் பயனில்லை. பில் தாளின் பின்பக்கமே போதும். பெயர், வயது, தேதி, நேரம், எந்தக் கை, உட்கார்ந்து எடுத்ததா, இரண்டு அளவுகள், நாடித் துடிப்பு, கருவியின் பெயர், அன்று சாப்பிட்டிருக்கும் மாத்திரைகள். ஏற்கெனவே பிபி மாத்திரை எடுப்பவருக்குக் காலை மாத்திரைக்கு முன் எடுத்த அளவா, பின் எடுத்த அளவா என்பதையும் எழுத வேண்டும். முன் எடுத்த அளவுதான் நேற்றைய மாத்திரை இருபத்துநான்கு மணி நேரமும் தாங்குகிறதா என்று காட்டும். 130-க்கும் 139-க்கும் இடையில் வந்தவரை மூன்று மாதத்திலும், சரியாக இருந்தவரை ஓராண்டிலும் திரும்ப வரச் சொல்லித் தேதியை அதே தாளில் குறித்துக் கொடுக்கலாம். 140-ஐத் தாண்டியவர் கையில் நான்கு நாள் எண்களோடு அந்தத் தாள் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் நீண்ட வரிசையில் இரண்டு நிமிடமே ஒதுக்க முடிகிற மருத்துவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அன்றே ஒரு முறை அளந்து, தாளோடு ஒப்பிட்டு, சிகிச்சையை முடிவு செய்துவிடலாம்.